வின்கிறிஸ்டின் ஊசி: பாமசிக் கவுண்டரில் என்னிடம் கேட்டவை

திருகோணமலையில் மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கத் தொடங்கி 19 வருடமாகிறது. இரத்தப் புற்றுநோய்க்கு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்துகொண்டு இடையிடையே ஊருக்கு வந்துபோகும் பிள்ளைகளின் அம்மாமார், அப்பாமார், ஒன்றிரண்டு அம்மம்மாமார் கேட்ட கேள்விகள்தான் கீழே இருக்கின்றன. எல்லாம் ஒரே மருந்தைப் பற்றியவை. கிளினிக் கொப்பியில் அதன் பெயர் வின்கிறிஸ்டின்.

நான் மருந்தாளர், டொக்டர் இல்லை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் கிளினிக்கின் வேலை. அந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது, எதைக் கண்டால் அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பட்டிப்பூவில் இருந்து எடுக்கிற மருந்தாமே, உண்மையா?

உண்மைதான். வேலியோரம், கோயில் வீதி, உப்புவெளி மணல் என்று தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் அதே பட்டிப்பூ. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். பூர்வீகம் மடகஸ்கார்.

கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. ஜமெய்க்காவில் இந்த இலையை அவித்துச் சீனி வருத்தத்துக்குக் குடிப்பார்கள். 1952இல் அங்கிருந்து 25 இலைகள் கனடாவுக்குத் தபாலில் போயின. றொபேட் நோபிள் என்ற ஆய்வாளர் இலைச் சாற்றை எலிகளுக்கு வாயால் கொடுத்துப் பார்த்தார். சீனி இறங்கவில்லை. ஊசியாக ஏற்றினார், எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. ஏனென்று பார்த்தால் வெள்ளையணுக்கள் அடியோடு இறங்கியிருந்தன. வெள்ளையணுவை இப்படி இறக்குகிற பொருள், வெள்ளையணு கட்டுமீறிப் பெருகுகிற நோய்க்கு ஏன் உதவக் கூடாது? அவரும் சார்ள்ஸ் பியரும் 1958இல் பிரித்தெடுத்த பொருள் வின்பிளாஸ்டின். அதன் தம்பி போன்ற வின்கிறிஸ்டினை அமெரிக்காவின் லிலி நிறுவனத்தார் பிரித்தார்கள். 1963இல் அங்கே பாவனைக்கு அனுமதி கிடைத்தது. சீனிக்கு மருந்து தேடிப் போய்ப் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தது.

அப்படியென்றால் இலையை அவித்துக் கொடுத்தால் என்ன?

இதைக் கேட்காத அம்மம்மா இல்லை. வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் காரணத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தெரியாமல் அவிப்பீர்கள்.

இலையில் வின்கிறிஸ்டின் இருப்பது சொற்பத்திலும் சொற்பம். ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆகவே உங்கள் கோப்பைக்குள் வருவது அந்த மருந்து அல்ல. அதே இலையில் உள்ள வேறு பல ஆல்கலாய்டுகள்தான் வரும். அவை ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு அளவு. சீனியை இறக்கலாம், பிரஷரை இறக்கலாம், ஈரலைப் பாதிக்கலாம். பிள்ளைக்கு ஊசியால் போகும் அளவோ மில்லிகிராம் கணக்கு. எவ்வளவு வளர்ந்த ஆளானாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை என்பது பொதுவான வரம்பு. இப்படி எண்ணி எண்ணிக் கொடுக்கிற ஒன்றுக்குப் பக்கத்தில், அளவே தெரியாத கஷாயத்தை ஏன் ஊற்ற வேண்டும்?

முடி கொட்டுவது தெரியும். நரம்பை ஏன் பிடிக்கிறது?

கலத்துக்குள் மிக நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. கலம் இரண்டாகப் பிரியும்போது மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பிரிப்பவை அவைதான். வின்கிறிஸ்டின் அந்தக் குழாய்களைக் கட்டவிடாது. கலம் பாதிப் பிரிவில் நின்று செத்துப்போகும். புற்றுநோய்க் கலங்கள் ஓயாமல் பிரிவதால் அடி அவற்றுக்குத்தான் கூட.

நரம்புக் கலம் பிரிவதில்லை. ஆனால் அதே குழாய்களை அது தண்டவாளமாகப் பாவிக்கிறது. கலத்தின் உடல் முதுகுத்தண்டுப் பக்கம் இருக்கும், நுனி கால் விரலில் இருக்கும். நுனிக்குத் தேவையான சாமான் எல்லாம் அந்தத் தண்டவாளத்தில்தான் போக வேண்டும். எங்கள் ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். கல்ஓயாவில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று வந்து திருகோணமலையில் முடிகிறது. வழியில் எங்கே தண்டவாளம் கழன்றாலும் சாமான் வராமல் தவிப்பது கடைசி ஸ்டேஷன். உடம்பில் அந்தக் கடைசி ஸ்டேஷன் கால் விரல். அதனால்தான் விறைப்பு காலில் தொடங்குகிறது. கைக்கு வருவது பிறகு.

மற்றக் கீமோ மருந்துகள் பல எலும்பு மச்சையைத்தான் முதலில் அடிக்கும். வழக்கமான அளவில் இது அதை அவ்வளவாகத் தொடாது. ஆகவே வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க வசதி. அதற்கான விலையை நரம்பு கொடுக்கிறது.

மகன் நடக்கும்போது பாட்டாச் செருப்பு கழன்று விழுகிறது. விளையாட்டுக்குச் செய்கிறானா?

கேட்டவர் கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு வாப்பா. பையனுக்கு ஏழு வயது. கடை வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கி நான்கு படி ஏறி வந்தான். வலது காலில் செருப்பு இல்லை. அது இரண்டாவது படியில் கிடந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. வாப்பா திட்டினார். நான் பையனைக் குதிக்காலால் நடந்து காட்டச் சொன்னேன். இடது கால் நின்றது, வலது பாதம் சப்பென்று கீழே விழுந்தது.

விளையாட்டு இல்லை. பாதத்தை மேலே தூக்கும் தசைக்குப் போகும் நரம்பு தளர்ந்துவிட்டது. பாதம் தொங்கும். தொங்கும் பாதம் நிலத்தில் இடறாமல் இருக்க, பிள்ளை முழங்காலை வழக்கத்தைவிட உயர்த்தி, சேற்றுக்குள் நடப்பதுபோல் நடக்கும்.

இதற்கு முன்னமே டொக்டர் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்திருப்பார். கணுக்கால் துள்ளாமல் போவதுதான் மிக முதல் அடையாளம், அது வீட்டில் தெரியாது. வீட்டில் தெரிவது வேறு. படி ஏறும்போது கைபிடி தேடுவது, சட்டைப் பொத்தான் போட நேரம் எடுப்பது, பென்சிலை மாற்றி மாற்றிப் பிடிப்பது, இரவில் கால் எரிகிறது என்று அழுவது. நான்கு வயதுப் பிள்ளைக்கு 'விறைக்கிறது' என்று சொல்லத் தெரியாது. தூக்கு என்று கை நீட்டும், அவ்வளவுதான். செல்லம் கூடிவிட்டது என்று நினைப்போம்.

இவற்றில் எதைக் கண்டாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை இருக்க வேண்டாம். வரிசையில் அறுபது பேர் நிற்கும் இடத்தில் பிள்ளையை நடக்கவிட்டுப் பார்க்க மறந்துபோவதும் உண்டு. போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கிளினிக் அன்று பார்த்து எந்தப் பிள்ளையும் ஒழுங்காக நடக்கும்.

ஊசி போட்டு மூன்றாம் நாள் தாடை நோகிறது, பல்லுப் பிடுங்க வேண்டுமா?

வேண்டாம், பல்லில் பிழை இல்லாமல் இருக்கலாம். முதல் ஒன்றிரண்டு ஊசியோடு தாடை வலி வருவது இந்த மருந்துக்கே உரிய குணம். சில நாளில் போய்விடும். பனடோல் கொடுக்குமுன் காய்ச்சல் பாருங்கள், காய்ச்சலை மாத்திரையால் மறைத்துவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. குரல் கரகரத்தாலோ, கண் இமை ஒரு பக்கம் தொங்கினாலோ அது பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. சவுக்காரத் துண்டு வைக்கலாமா?

வைக்கவே கூடாது. இதை இரண்டு தடவை எழுத வேண்டும் என்றாலும் எழுதுவேன்.

குடலை அசைப்பதும் நரம்புதான். அது தளர்ந்தால் மலம் மேல் குடலிலேயே இறுகிக் கிடக்கும். கீழே வெறுமையாக இருக்கும், ஆகவே கீழிருந்து எதை வைத்தாலும் பெரிய பலன் இல்லை. அதைவிட மோசம், கீமோ எடுக்கும் பிள்ளைக்கு வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் மலவாசலில் சின்னக் கீறல் விழுந்தாலும் அதற்குள்ளால் கிருமி இரத்தத்துக்குப் போய்விடும். சவுக்காரம், எனிமா, மலவாசலில் வைக்கும் குளிசை, உடல் வெப்பம் பார்க்க அங்கே வைக்கும் தெர்மோமீற்றர், எதுவும் டொக்டர் சொல்லாமல் வேண்டாம்.

பப்பாசி, பூசணி, கீரை எல்லாம் நல்லவை, ஆனால் இந்தச் சிக்கலை அவை மட்டும் தீர்க்காது. மலத்தை இளக்கும் லக்டுலோஸ் போன்ற பாணியை ஊசியோடு சேர்த்தே எழுதிக் கொடுப்பார்கள். மலம் இறுகிய பிறகு கொடுக்கத் தொடங்குவது பிந்திய வேலை. போத்தலை அலுமாரியில் வைத்துவிட்டு 'தேவைப்பட்டால் பார்ப்போம்' என்று இருப்பவர்களே அதிகம்.

வயிறு பறைபோல் உப்பி, வாந்தியும் வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மகரகமவுக்கு இரவு ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம், அந்த வயிற்றோடு ஆகாது. முதலில் இங்கே காட்டுங்கள், அவர்கள் அங்கே கதைப்பார்கள்.

படர்தாமரைக்கு ஒரு குளிசை தாருங்கள். ஊசியோடு ஒத்துவருமா?

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு ஒன்றோடு வந்தார். மகளுக்குப் 14 வயது, இடுப்பில் பங்கஸ் படர்ந்திருக்கிறது. எங்கள் ஊர் வேர்வைக்கு இது வீட்டுக்கு வீடு இருக்கிற வருத்தம். துண்டில் இட்ராகொனசோல் எழுதியிருந்தது. எழுதியவருக்குப் பிள்ளை மகரகமவுக்குப் போய்வருவது தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை. தோல் வருத்தத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைத்ததில் பிழை இல்லை. பிள்ளையின் தலையில் கட்டியிருந்த துணியை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை, கடையில் சனம். குளிசையை எண்ணிக் கொடுத்தேன்.

வின்கிறிஸ்டினை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதியம். இட்ராகொனசோல், வொரிகொனசோல், பொசகொனசோல், கீட்டோகொனசோல் குளிசைகள் அந்த நொதியத்தைக் கட்டிப்போடும். கிளரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கும் அப்படியே. ஊசியின் அளவு மாறவில்லை, ஆனால் உடம்புக்குள் அது வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு அடுத்த ஊசிக்குப் பிறகு ஆறு நாள் குடல் அசையவில்லை, இரண்டு கையும் மணிக்கட்டில் தொங்கின. வார்ட்டில் பல நாள் கிடந்து எழும்பினாள். இப்போது நன்றாக இருக்கிறாள். அவளது அம்மா இன்றும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார், என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

பூசும் கிறீம் பொதுவாக அவ்வளவு பயமில்லை. ஆனால் வாயால் விழுங்கும் எதையும், அது பங்கசுக்கோ இருமலுக்கோ நாட்டு வைத்தியமோ, கிளினிக் கொப்பியைக் காட்டாமல் வாங்காதீர்கள். கொப்பியை முதலில் கவுண்டரில் வையுங்கள், துண்டைப் பிறகு தாருங்கள்.

பக்கத்துக் கட்டில் பிள்ளை ஓடித் திரிகிறது. என் பிள்ளைக்கு மட்டும் ஏன்?

ஆராய்ச்சிக்காரர் கனகாலமாகத் தேடுகிற கேள்வி இதுதான்.

ஒரு விடை மிகத் தெளிவானது. சார்கோ-மரி-டூத் என்று ஒரு பரம்பரை நரம்பு வருத்தம் உண்டு. 1886இல் அதை விவரித்த மூன்று வைத்தியர்களின் பெயர். ஏறக்குறைய 2500 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பலருக்கு இருப்பதே தெரியாது. பாதத்தின் நடுவளைவு உயர்ந்திருக்கும், கால் விரல்கள் மடங்கியிருக்கும், சின்ன வயதிலேயே அடிக்கடி கால் பிசகும். அதில் அதிகம் காணப்படும் வகையில் பிஎம்பி22 என்ற மரபணு ஒரு பிரதி கூடுதலாக இருக்கும். அப்படியான பிள்ளைக்கு வின்கிறிஸ்டின் ஒன்றிரண்டு தடவை போனாலே கை கால் முழுக்க விழுந்துவிடலாம். வைத்திய சஞ்சிகைகளில் இப்படியான நோயாளர்கள் பதிவாகியிருக்கிறார்கள். மறைந்திருந்த வருத்தத்தை மருந்துதான் வெளியே கொண்டுவந்தது. ஆகவே 'எங்கள் பரம்பரைக்கே கால் இப்படித்தான், அப்பாவுக்கும் கடையில் சப்பாத்து அளவாகாது' என்று சிரித்துக்கொண்டு சொல்லும் விஷயம் டொக்டருக்கு முதல் ஊசிக்கு முன்பே தெரிய வேண்டும்.

மற்ற விடைகள் இவ்வளவு நேர் இல்லை. 2015இல் அமெரிக்காவில் 321 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், சிஈபி72 என்ற மரபணுவின் ஒரு வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு நரம்புப் பாதிப்பு கூடுதலாக வந்தது. வேறு நாட்டு ஆய்வுகள் சில அதையே கண்டன, சில காணவில்லை. கென்யாவில் பார்த்தபோது பாதிப்பே குறைவாக இருந்தது. மருந்தை உடைக்கும் ஈரல் நொதியத்தின் ஒரு வகை அங்கே பலருக்கு வேலை செய்வதைக் காரணமாகச் சொல்கிறார்கள். அங்குள்ள பிள்ளைகளுக்கு அளவைக் கூட்டலாமா என்றுகூட யோசித்தார்கள். ஒரே அளவு எல்லா ஊருக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு இது நல்ல உதாரணம். இந்த மரபணுக்களைப் பார்த்து அளவை மாற்றும் வழக்கம் இன்னும் வரவில்லை, ஆகவே இங்கே எந்த ஆய்வுகூடத்தில் செய்யலாம் என்று அலைய வேண்டாம்.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு?

அதையும் கேட்டுக்கொண்டே கொடுங்கள். வேறு சில கீமோ மருந்துகளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். வின்கிறிஸ்டினோ சில வேளை, உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் ஒரு நிலையை உண்டாக்கும். அப்போது இரத்தத்தில் சோடியம் இறங்கும். தலையிடி, மயக்கம், ஒருமாதிரிப் பேச்சு, கடைசியில் வலிப்பு. ஊசிக்குப் பின் சிறுநீர் குறைந்து பிள்ளை சோர்ந்து கிடந்தால் இன்னும் இளநீர் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சோடியத்தைப் பார்ப்பார்கள்.

முதுகில் போடுகிற ஊசியும் இதுவும் ஒன்றா?

இல்லவே இல்லை. இதைத்தான் பெற்றோர் எல்லோரும் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இரத்தப் புற்றுநோய் மூளைப் பக்கம் ஒளிந்துகொள்ளாமல் இருக்க முள்ளந்தண்டு நீருக்குள் மெதோட்ரெக்சேட் போன்ற மருந்தை ஏற்றுவார்கள். வின்கிறிஸ்டின் இரத்த நாளத்துக்குள் மட்டும் போக வேண்டியது. தவறி முள்ளந்தண்டு நீருக்குள் போனால் அநேகமாக மரணம்தான். முதுகில் இருந்து மேல்நோக்கி நரம்பு நரம்பாக அணைந்துகொண்டு போகும். 1968 முதல் உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட தடவை இது நடந்திருக்கிறது, வசதி குறைந்த இடங்களில் மட்டும் அல்ல. 2001இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் 18 வயது இளைஞர் ஒருவர் இப்படி இறந்தார். ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே மாதிரியான இரண்டு சிறிஞ்சுகள் இருந்தால் களைத்த கைக்கு மாறத்தான் செய்யும்.

ஆகவே 2007இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. சிறிஞ்சில் எடுக்காமல் சின்னச் சேலைன் பையில் கலந்து கொடுங்கள் என்று சொன்னார்கள். பையை முதுகு ஊசியோடு பொருத்த யாருக்கும் மனம் வராது. நல்ல யோசனை என்பது இப்படித்தான் இருக்கும்: ஆளைக் கவனமாக இருக்கச் சொல்வதோடு நிற்காமல், பிழை விடவே முடியாமல் சாமானை மாற்றுவது.

நீங்கள் செய்யக்கூடியது சிறியது. இரண்டும் ஒரே நாளில் என்றால், ஊசி போட வரும் தாதியிடம் 'மிஸ்ஸி, இது எது, எங்கே போகப்போகிறது' என்று கேளுங்கள். மெதோட்ரெக்சேட் மஞ்சள், வின்கிறிஸ்டின் தண்ணீர் நிறம். ஆனால் நிறத்தை நம்பி இருக்க வேண்டாம், முதுகில் போடும் வேறு மருந்துகளும் தண்ணீர் நிறத்தில் உண்டு. கேட்டால் கோபிப்பார்களோ என்று பயப்படாதீர்கள். நல்ல மிஸ்ஸிமார் கேட்பவரைத்தான் விரும்புவார்கள்.

ஊசி ஏறும் இடம் எரிந்தது. ஐஸ் வைத்தேன், சரிதானே?

எரிகிறது என்ற உடனே சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும், நாளத்துக்கு வெளியே கசிந்தால் சதையை அரிக்கும் மருந்து இது. உடனே நிறுத்துவார்கள். ஐஸ் வேறு சில கீமோவுக்குப் பொருந்தும், இதற்கு இளஞ்சூட்டு ஒத்தடம்தான். அதையும் அவர்களே செய்யட்டும்.

விறைப்புத் திரும்பிப் போகுமா? போகாது என்றால் ஊசியை நிறுத்தச் சொல்லவா?

பெரும்பாலும் போகும். மாதங்கள் எடுக்கும். கடைசி ஊசிக்குப் பிறகும் சில வாரம் கூடிக்கொண்டு போய்த்தான் பிறகு இறங்கத் தொடங்கும். அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் பெற்றோர் நம்பிக்கை இழக்கிறார்கள். சிலருக்குக் கணுக்கால் பலவீனம் வருடக்கணக்கில் மிச்சம் இருக்கும், அதையும் மறைக்கத் தேவையில்லை.

குளிசையால் தடுக்கலாமா என்று பலதையும் சோதித்துவிட்டார்கள். வலிக்குக் கொடுக்கும் கபபென்டினைக்கூட பிள்ளைகளில் ஒழுங்காகச் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெற்றுக் குளிசையைவிட நல்ல பலன் தெரியவில்லை. ஓரளவு உதவுவது பயிற்சியும் காலைத் தாங்கும் சாமான்களும். பிசியோதெரபிஸ்ட் காட்டித் தரும் கணுக்கால் நீட்டல், தொங்கும் பாதத்தைத் தாங்க இரவில் கட்டும் பிளாஸ்டிக் அணை, பின்பக்கம் வார் உள்ள செருப்பு. பாட்டாவை அலுமாரிக்கு மேலே எறியுங்கள்.

நிறுத்துவது பற்றி: பாதிப்புக் கடுமையானால் அளவைக் குறைப்பதோ சில ஊசியைத் தள்ளிப்போடுவதோ கிளினிக்கில் செய்வதுண்டு. நீங்களாகக் கிளினிக்குக்குப் போகாமல் விட்டுவிடுவது வேறு கதை. பிள்ளைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் வசதியுள்ள நாடுகளில் 10 பேரில் 9 பேர் அளவுக்குத் தப்புகிறார்கள். 1960களின் தொடக்கத்தில் தப்புவது அபூர்வம். அந்த மாற்றத்தில் இந்தப் பொல்லாத மருந்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

மகனுக்கு வைத்தியம் முடிந்துவிட்டது. பத்திரகாளி அம்மனுக்குத் தீ மிதிப்பதாக நேர்ந்திருந்தான். மிதிக்கலாமா?

17 வயதுப் பையன். அம்மாவோடு வந்து அவனே கேட்டான். கால் விறைப்பு 'கொஞ்சம்தான்' என்றான். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலில் பேனா நுனியால் தொட்டேன். எந்தக் காலில் தொட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

நேர்த்தியைப் பற்றிச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் சூடு தெரியாத கால் எங்கே சுடுகிறது என்று சொல்லாது. மதிய வெயிலில் நிலாவெளி மணலில் வெறுங்காலோடு நடந்து, வீட்டுக்குப் போய்க் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்ட ஆட்களை எனக்குத் தெரியும். விறைப்பு முழுவதும் போனதை டொக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்லும்வரை மிதிக்க வேண்டாம் என்றேன். பையன் அம்மாவைப் பார்த்தான். 'அம்மன் எங்கே ஓடப்போறா, அடுத்த வருஷம் பார்ப்பம்' என்றார் அம்மா. பிறகு வார் வைத்த செருப்பு எந்தக் கடையில் நல்லது என்று என்னிடம் கேட்டார்.